மழை வந்தால் டிஷ் போய்விடும்: திருகோணமலையும் மாறிவரும் திரையும்

2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி புயல் திருகோணமலைக்குச் சற்று வடக்கே கரையேறியது. அன்று பொழுதுபடும்போதே எங்கள் வீட்டு டிவி நின்றுவிட்டது. முதலில் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. பிறகு சிக்னல் இல்லை என்ற எழுத்து மட்டும் திரையில் நின்றது. கொஞ்ச நேரத்தில் கரண்டும் போய்விட்டது. அம்மம்மா பழைய ரேடியோவைத் தேடச் சொன்னார். அதற்குள் மாமாவின் போனில் புயலின் சுழல் படம் வந்திருந்தது. குச்சவெளியில் இருக்கும் உறவுக்காரர் காற்று எப்படி இரைகிறது என்று குரல் பதிவு அனுப்பியிருந்தார். மூதூரில் இருந்து ஒருவர் வீதியில் தண்ணீர் ஏறுவதைப் படம் பிடித்துப் போட்டிருந்தார். மெழுகுதிரி வெளிச்சத்தில் ஏழெட்டுப் பேர் உள்ளங்கையளவு திரையைச் சுற்றி உட்கார்ந்து, அயலூர்களில் நடப்பதை அந்த நேரத்திலேயே தெரிந்துகொண்டிருந்தோம்.

டிவி முதலில் நின்றதற்கு எளிய காரணம் உண்டு. வீட்டுக் கூரைகளில் இருக்கும் டிஷ் பிடிக்கும் கேயூ அலைவரிசையின் அலைநீளம் சுமார் இரண்டரை சென்ரிமீற்றர். அவ்வளவு சின்ன அலையை அடைமழை பாதி வழியிலேயே உறிஞ்சிச் சிதறடித்துவிடும். நமக்கு மாரி மழை ஒக்ரோபருக்குப் பிறகு ஜனவரி வரை. வானிலைச் செய்தி உயிருக்கே தேவைப்படுகிற அந்த மாதங்களில்தான் கூரை டிஷ் அடிக்கடி கைவிடும். இன்று வடக்கு கிழக்கில் மழைக்காலம் என்றால், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியல் துறையைச் சேர்ந்த நாகமுத்து பிரதீபராஜா முகநூலில் என்ன எழுதியிருக்கிறார் என்று தேடிப் பார்ப்பவர்கள் ஏராளம். மீன்பிடிக்கப் போகிறவர்களும் வயல் செய்பவர்களும் அதைப் பகிர்கிறார்கள். எட்டு மணிச் செய்தியின் கடைசி இரண்டு நிமிடத்தில் 'கிழக்கு மாகாணத்தில் மழை பெய்யக்கூடும்' என்று கேட்பதற்கும், எந்த நாளில், எந்தப் பக்கத்தில், எவ்வளவு என்று தமிழில் விளக்கமாக வாசிப்பதற்கும் உள்ள தூரம் பெரிது.

இணையம் டிவியை விழுங்குகிறது என்று உலகம் முழுவதும் சொல்கிறார்கள். அமெரிக்காவில் நீல்சன் நிறுவனத்தின் கணக்குப்படி, 2025 மே மாதத்தில் மொத்த டிவிப் பார்வையில் இணையவழிப் பார்வை 44.8 வீதத்தைத் தொட்டு, வழமையான ஒளிபரப்பும் கேபிளும் சேர்ந்த 44.2 வீதத்தை முதன்முறையாகத் தாண்டியது. அது அந்த நாட்டின் கதை. நம் ஊரில் நடப்பதை விளங்கிக்கொள்ள வேறு இடத்தில் இருந்து தொடங்க வேண்டும். திருகோணமலை நாற்பது வருடங்களாக டிவி பார்த்தது. அந்த டிவியில் திருகோணமலை எவ்வளவு தெரிந்தது?

அலைவரிசை என்பது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. ஜெர்மனியின் டொய்ச்ச வெல்ல வானொலி 1984இல் திருகோணமலையில் ஓர் அஞ்சல் ஒலிபரப்பு நிலையத்தை இயக்கத் தொடங்கி, ஆசிய நாடுகளுக்குச் சிற்றலையில் பேசியது. அந்த நிலையம் 2013இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் கையளிக்கப்பட்டது. உலகத்துக்குப் பேசுகிற கோபுரங்கள் நம் மாவட்டத்தில் நின்றன. பேசியது வேறு யாரோ.

டிவியும் அப்படித்தான் வந்தது. 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சி, 1982இல் ஜப்பானிய உதவியோடு ரூபவாஹினி. பிதுருதலாகல மலை உச்சியில் இருந்து வந்த படத்தில் தமிழுக்கு இருந்த நேரம் கொஞ்சம். தமிழ்ப் படம் பார்க்க விரும்பியவர்கள் டிவியையும் வீடியோ டெக்கையும் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று நான்கு படங்கள் ஓட்டினார்கள். 1993இல் சென்னையில் சன் டிவி தொடங்கியது. 1998இல் கொழும்பில் இருந்து சக்தி டிவி வந்தது. 2009இல் அரச தரப்பில் இருந்து வசந்தம் வந்தது. இதற்கிடையே டயலொக் டிவி, தொலைபேசி இணைப்பில் வரும் பியோ டிவி, இந்தியாவுக்குள் விற்கவேண்டிய டிஷ்களை இங்கே பூட்டி அங்கிருந்து ரீலோட் செய்கிற ஏற்பாடு என்று ஒவ்வொன்றாகக் கூரை ஏறின. இதில் கொழும்பு இருந்தது, சென்னை இருந்தது. திருகோணமலை வந்தது குண்டு வெடித்தால், கடல் பொங்கினால், அல்லது நிலாவெளிக் கடற்கரைக்குச் சுற்றுலா வாருங்கள் என்று அழைக்கும்போது. உப்புவெளியில் ஒரு வீதி ஏன் ஆறு மாதமாகக் கிண்டிக் கிடக்கிறது என்று எந்த டிவியும் சொன்னதில்லை.

சரி, அந்த டிவி நமக்கு என்ன தந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அது ஒரு நேரத்தைத் தந்தது. நாடகம் தொடங்கும் மணிக்கு முன் சமையல் முடிய வேண்டும். அந்த நேரத்தில் வீட்டுக்கு வந்தவரைக் கதிரையில் இருத்திவிட்டு, விளம்பரம் வந்த பிறகுதான் "தேத்தண்ணி குடிக்கிறீங்களா" என்று கேட்பார்கள். வந்தவருக்கும் அதில் மனவருத்தம் இல்லை, அவரும் அதே நாடகம் பார்ப்பவர்தான். அடுத்த நாள் கிணற்றடியிலும் கோயில் வீதியிலும் பேச ஒரு பொதுக்கதை இருந்தது. ஒரு ரிமோட்டுக்காக வீட்டில் நடந்த சண்டையில்கூட, யாருக்கு என்ன பிடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இப்போது நாடகத்தை நிறுத்தி வைக்கலாம். இரவு தவறவிட்டதைக் காலையில் யூடியூபில் துண்டு துண்டாகப் பார்க்கலாம். டிவி பக்கமே போகாத பிள்ளைகளுக்கும் நாடகம் தெரிகிறது என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். சன் டிவியின் எதிர்நீச்சல் நாடகத்தில் மாரிமுத்து பேசிய ஒரு வசனம் மீம்களாகவும் ரீல்ஸ்களாகவும் சுற்றியபோது, அதைச் சொல்லித் திரிந்த பொடியன்கள் பலர் ஒரு பாகம்கூட முழுதாகப் பார்த்திருக்கவில்லை. 2023 செப்டெம்பர் 8ஆம் திகதி அவர் திடீரென்று இறந்தபோது அந்தப் பிள்ளைகளும் கவலைப்பட்டார்கள். நாடகம் டிவிக்குள் இருந்தது, அதன் ஆட்கள் போனுக்குள் வந்து எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டார்கள். 2019இல் சக்தி டிவியில் செய்தி வாசித்த லொஸ்லியா சென்னையின் பிக் பாஸ் வீட்டுக்குள் போனபோதும் இதுதான் நடந்தது. நிகழ்ச்சி இரவு ஒரு மணித்தியாலம். அதைப் பற்றிய பேச்சு முகநூலில் மிச்ச நேரம் முழுவதும். எந்தத் தேதியில் யார் வெளியேறினார்கள் என்பதைவிட, அதற்கு இங்குள்ளவர்கள் எழுதிய கருத்துகளைத்தான் என் சினேகிதிகள் இன்றும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

இந்த மாற்றத்துக்குள் ஒரு தொழில்நுட்ப வேறுபாடு இருக்கிறது. அது தெரிந்தால் பல விஷயங்கள் பிடிபடும். ஒளிபரப்புக் கோபுரம் மழை மாதிரி. ஒருவர் பார்த்தாலும் ஒரு இலட்சம் பேர் பார்த்தாலும் அது ஒரே அளவுதான் பொழிகிறது. இணையவழிக் காணொளி குழாய்த் தண்ணீர் மாதிரி. ஒவ்வொரு வீட்டுக்கும், ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக ஓட வேண்டும். அதனால்தான் இரவு எட்டு மணிக்குப் பிறகு படம் மங்கலாகிறது. யூடியூப் போன்ற தளங்கள் ஒரே காணொளியைப் பல தரங்களில் வைத்திருந்து, லைன் நெருக்கும்போது தாமாகவே குறைந்த தரத்துக்கு இறங்கிவிடும். நடுத்தரமான தெளிவில் பார்த்தாலே மணிக்கு ஏறத்தாழ அரை ஜிபி போகும். வெளிநாட்டில் இருந்து நம் நாட்டுக்கு வரும் கடலடிக் கேபிள்கள் மேற்கிலும் தெற்கிலும் கரையேறுகின்றன. 2006இல் தூத்துக்குடியில் இருந்து வந்த பாரத் லங்கா கேபிள் கல்கிசையில் ஏறியது. உலகம் அறிந்த ஆழமான இயற்கைத் துறைமுகம் நம்முடையது, ஆனாலும் நமக்கான தரவு தீவைக் குறுக்கறுத்துத் தரைவழியாக வருகிறது.

அப்புறம் காசு. அன்ரனாவில் வரும் டிவிக்கு மாதக் கட்டணம் இல்லை. போனில் பார்ப்பதற்கு நிமிடத்துக்கு நிமிடம் செலவு. எந்தப் பெக்கேஜில் யூடியூப் சேரும், எதில் வட்ஸ்அப் மட்டும் ஓடும், எதில் இரவு டேட்டா கூடுதலாகக் கிடைக்கும் என்பதெல்லாம் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு மனப்பாடம். நள்ளிரவுக்குப் பிறகான இரவு டேட்டாவுக்காக விழித்திருந்து படங்களைத் தரவிறக்கி வைத்த காலம் அண்மையில்தான். நாடகத்தின் மணி போய்விட்டது என்கிறோம், அந்த இடத்தில் பெக்கேஜின் மணி வந்து உட்கார்ந்திருக்கிறது. வெருகல் பக்கமோ ஈச்சிலம்பற்றுப் பக்கமோ கூலிவேலைக்குப் போகிற குடும்பத்தில் ஒரே ஒரு ஸ்மார்ட் போன் இருக்கும். அதை யார் வெளியில் கொண்டுபோகிறாரோ, அவரோடு வீட்டின் டிவியும் போய்விடுகிறது. பகலில் வீட்டில் இருக்கும் பெண்களுக்கு மிஞ்சுவது பழைய பெட்டிதான். டிவி செத்துவிட்டது என்று நகரத்தில் இருந்து எழுதுபவர்கள் இந்த வீடுகளைக் கணக்கில் எடுப்பதில்லை.

மறுபக்கம், இந்தக் குழாயில் தண்ணீர் எதிர்த்திசையிலும் ஓடும். அதுதான் நமக்குப் பெரிய திருப்பம். ஒரு போனும் டேட்டாவும் இருந்தால் சேனல் தொடங்கலாம். இன்று நம் மாவட்டத்தில் கரைவலை இழுப்பதைக் காட்டுபவர்கள் இருக்கிறார்கள். கோட்டைக்குள்ளும் கடற்கரையிலும் திரியும் புள்ளிமான்கள், கன்னியா வெந்நீரூற்று, தம்பலகாமத்து வயல், கிண்ணியாச் சாப்பாடு, எல்லாம் யூடியூபில் இருக்கின்றன. கோணேசர் கோயில் கொடியேற்றம் லைவில் போகிறது. முப்பது வருடமாக ஊர் காணாத ஒருவர் கனடாவின் ஸ்காபரோவில் இருந்து, அந்தக் கோயில் நிற்கும் சுவாமிமலைக் காற்றின் இரைச்சலைக் கேட்கிறார். நான் இதை மனதார மதிக்கிறேன்.

ஆனால் இந்தக் காணொளிகள் யாருக்காக எடுக்கப்படுகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். யூடியூபில் விளம்பரப் பங்கு கிடைக்க 2018இல் இருந்து ஆயிரம் சந்தாதாரர்களும், ஒரு வருடத்தில் 4,000 மணித்தியாலப் பார்வையும் தேவை என்று வைத்தார்கள். அதற்குப் பிறகும், ஒரே எண்ணிக்கைப் பார்வைக்கு ஒரே காசு வராது. விளம்பரத்தின் விலை பார்ப்பவர் இருக்கும் நாட்டைப் பொறுத்தது. கனடாவில், லண்டனில் இருந்து பார்ப்பவரின் நிமிடத்துக்கு இங்கிருந்து பார்ப்பவரின் நிமிடத்தைவிட விலை அதிகம். ஆகவே ஊரைக் காட்டுபவர், ஊரை விட்டுப் போனவருக்கே காட்டுகிறார். போனவர் தேடுவது தான் விட்டுப்போன ஊரை. அதனால் கடற்கரை வருகிறது, கோயில் வருகிறது, நண்டுக்கறி வருகிறது. 2021 நவம்பர் 23இல் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தார்கள். அன்று எல்லாக் கமராக்களும் அங்கே நின்றன. அங்கே போக்குவரத்து எப்படி நடக்கிறது, பாலம் என்ன நிலையில் இருக்கிறது என்று மாதம் ஒருமுறை போய்க் காட்டுகிற காணொளிக்கு அந்தச் சந்தையில் விலை இல்லை. கொழும்பு டிவி நம்மைத் துயரம் நடந்தால் காட்டியது. யூடியூப் நம்மை அழகாக இருந்தால் காட்டுகிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற அன்றாட ஊர் இன்னும் சரியாகத் திரைக்கு வரவில்லை.

கமரா கையில் இருப்பதன் பெறுமதியை இந்த ஊர் நன்றாக அறியும். 2006 ஜனவரி 2ஆம் திகதி காந்தி சிலையடிக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். கைக்குண்டு வெடித்து இறந்தார்கள் என்றுதான் முதலில் சொல்லப்பட்டது. அவர்களுடைய உடல்களில் இருந்தவை துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் என்பதைக் காட்டியவை சுடர் ஒளிப் பத்திரிகையாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள். அதே மாதம் 24ஆம் திகதி காலை அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது டிவி இருந்தது, பல சேனல்கள் இருந்தன. உண்மையைச் சொல்ல ஒரே ஒருவரின் கமராதான் இருந்தது, அந்த ஒருவரை இல்லாமல் செய்ய முடிந்தது. இன்று அதே கடற்கரையில் மாலை நேரம் நூறு போன்கள் இருக்கும். இந்த எண்ணிக்கை தரும் பாதுகாப்பை நான் சின்ன விஷயமாக நினைக்க மாட்டேன்.

2022 மே மாதத்தில் அதன் வேகத்தைப் பார்த்தோம். 9ஆம் திகதி பதவி விலகிய பிரதமர் மகிந்த ராஜபக்ச திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் இருக்கிறார் என்ற கதை அடுத்த நாளே போன்களில் பரவி, தளத்தின் வாசலில் சனம் கூடிவிட்டது. பாதுகாப்புச் செயலாளர் அதை உறுதிப்படுத்தியது 11ஆம் திகதி. அந்த வருடம் மார்ச் கடைசியில் நாளுக்குப் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது, டிவி அலங்காரப் பொருளாகிவிட்டது. பவர் பாங்கில் சார்ஜ் வைத்திருந்த வீடுதான் அயலின் செய்தி அறை.

அதே வேகம் பொய்க்கும் உண்டு. எங்கள் ஊரில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் அடுத்தடுத்த வீதிகளில் இருக்கிறோம். ரூபவாஹினியில் கிரிக்கெட் ஓடியபோது மூன்று வீதியும் ஒரே பந்தைப் பார்த்தன. போனில் ஒவ்வொருவருக்கும் அவரவர் மொழியில், அவரவர் முன்னர் நேரமெடுத்துப் பார்த்ததற்கு ஏற்ற காணொளிகளைத் தளம் தேடித் தருகிறது. கோபத்தோடு பார்த்தாலும் அதற்கு அது பார்வைதான். ஆகவே கோபப்படுத்துவது இன்னும் வரும். ஒரே சம்பவத்துக்கு மூன்று மொழியில் மூன்று கதைகள் ஓடும்போது, பக்கத்து வீதிக்காரர் எதைப் பார்த்துவிட்டு நம்மைப் பார்க்கிறார் என்பதே தெரியாது. 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போதும், 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியது. முடக்கிய அன்றே பள்ளிப் பிள்ளைகள், முடக்கத்தைத் தாண்டிப் போக உதவும் வீபீஎன் போடக் கற்றுக்கொண்டார்கள். வதந்தி அதன் வழியாகவும் போனது. தடைபட்டது பெரும்பாலும் வீபீஎன் தெரியாத வயதானவர்கள் பிள்ளைகளோடு பேசியதுதான். 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இதை இன்னொரு விதத்தில் கட்டுப்படுத்தப் பார்க்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. தமிழிலும் சிங்களத்திலும் ஒரே நேரத்தில், ஒரே தகவலை, அரை மணித்தியாலத்துக்குள் சரிபார்த்துச் சொல்லக்கூடிய ஊர்மட்டச் செய்தியாளர்கள் நம் மாவட்டத்தில் மிகச் சிலர். அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் வருமான வழி டிவியிலும் இல்லை, யூடியூபிலும் இல்லை.

வீட்டுக்குள் என்ன நடந்தது என்றால், கூடத்தில் கூட்டம் குறைந்தது. ஒருவர் விறாந்தையில், ஒருவர் படுக்கையில், ஒருவர் குசினியில் போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்தபடி. ஒவ்வொருவர் காதிலும் தனித்தனிச் சத்தம். கடந்த சில வருடங்களாகத் திரும்பவும் ஓர் அசைவு தெரிகிறது. ஃபைபர் லைன் வந்த வீடுகளில் ஸ்மார்ட் டிவி கூடத்துக்கு வந்திருக்கிறது, யூடியூப் பெரிய திரைக்கு ஏறியிருக்கிறது. போனில் தனியே பார்த்த சமையல் காணொளியை இப்போது நான்கு பேர் சேர்ந்து பார்க்கிறார்கள். ரிமோட் சண்டையும் திரும்பி வந்திருக்கிறது, எனக்கு அதில் சந்தோஷம்தான்.

சிவராத்திரிக்குப் பிறகு கோணேசர் நகர்வலம் வரும்போது, முழங்கால் வலியால் வாசலில் நிற்க முடியாத அம்மம்மாவுக்கு ஒரு பொடியனின் லைவை டிவியில் போட்டுவிட்டோம். நேரலை என்றாலும் படம் சிறு சிறு துண்டுகளாகச் சேமிக்கப்பட்டுத்தான் வரும், அதனால் அரை நிமிடம் வரை பிந்தும். மேளச் சத்தம் முதலில் ஜன்னலால் வந்தது. டிவியில் தேர் இன்னும் முன்வீட்டுக்கு அந்தப் பக்கம் நின்றது. அம்மம்மா கைகளைக் கூப்பியபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் நாங்கள் காலையில் கட்டிய மாவிலைத் தோரணம் டிவியில் வந்தது, அதற்குப் பின்னால் எங்கள் வீட்டுப் படலை.